பாவசங்கீர்த்தனக் கையேடுகள்: வினா வடிவமும் மொழிச் சான்றும்

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் சமயப் பரப்புநர் பிறமொழிகளில் ஆக்கிய நூல்களுள் இலக்கணம், அகராதி, ஞானோபதேசம் ஆகிய மூன்றும் மொழியியலாரின் கவனத்தை மிகுதியாக ஈர்த்துள்ளன. நான்காவதாக ஒரு நூல்வகை உண்டு. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு எவற்றை வினவ வேண்டும், எந்தச் சொற்களால் வினவ வேண்டும் என்பதை அந்தந்த மொழியிலேயே வரிசைப்படுத்தித் தரும் கையேடு அது. மெக்சிகோவில் நாவாத்தல் மொழியிலும், பெருவில் கெச்சுவா, ஐமாரா மொழிகளிலும், புளோரிடாவில் தீமுக்குவா மொழியிலும், ஜப்பானியத்திலும், தமிழிலும் இத்தகைய கையேடுகள் அச்சேறியுள்ளன. தமிழ்க் கையேடு 1580-இல் கொச்சியில் அச்சிடப்பட்டது. இவற்றைச் சமய வரலாற்றுக்குரிய ஆவணங்களாக மட்டும் கொள்வது போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மறையுரை ஆற்றுபவர் தாம் கூறுவது பிறருக்கு விளங்கினால் போதும் என்று அமையலாம். அவர் மனப்பாடம் செய்தும் உரைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அருகில் நிறுத்தியும் உரைக்கலாம். பாவசங்கீர்த்தனத்திலோ பேசுபவர் எதிரில் இருப்பவர். அவர் சொல்லப்போவது முன்கூட்டித் தெரியாது. தாழ்ந்த குரலில், தயங்கித் தயங்கி, தம் ஊர்ப் பேச்சு வழக்கில் அவர் சொல்லுவார். நம் இலக்கணிகள் தகுதி வழக்கு என்று வகுத்த இடக்கரடக்கலும் குழூஉக்குறியும் அப்பேச்சில் நிறைந்திருக்கும். இதைப் பின்பற்றிப் புரிந்துகொள்ள மனப்பாடம் உதவாது. காலனியக் காலத்துச் சமயப் பரப்புநரின் மொழியறிவைப் போதனையைக் காட்டிலும் இச்செவிமடுத்தலே ஆழப்படுத்தியது எனக் கருத இடமுண்டு.

எண், வகை, சூழ்நிலை

பருவமெய்திய ஒவ்வொரு கத்தோலிக்கரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் 1215-இல் விதித்தது. அதன் பின்னரே குருக்களுக்கான கையேடுகள் ஐரோப்பாவில் பெருகின. திரெந்து பொதுச்சங்கம் 1551-இல் இவ்விதியை மேலும் இறுக்கியது. சாவான பாவங்களை வகை வகையாகவும், எண்ணிக்கையோடும், பாவத்தின் தன்மையை மாற்றும் சூழ்நிலைகளோடும் எடுத்துரைக்க வேண்டும் என்றாயிற்று. நாவார் நாட்டைச் சேர்ந்தவரும் சவேரியாரின் உறவினருமான மார்ட்டின் தெ அஸ்பில்குவெத்தா எழுதிய கையேடு கோயிம்பிராவில் 1549-இல் போர்த்துக்கேய மொழியில் முதலில் வெளிவந்து, பின்னர்ப் பலமுறை திருத்தி விரிக்கப்பட்டது. கடல் கடந்து சென்ற குருக்கள் பலர் பயின்றது இந்நூலையும் இதன் வழிவந்தவற்றையுமே ஆகும்.

இவ்விதி மூன்று மொழியியல் தேவைகளை உடன்கொண்டு வந்ததை நோக்க வேண்டும். 'எத்தனை முறை' என்று வினவ எண்ணுப்பெயர்களும் முறைச் சொற்களும் வேண்டும். 'எவ்வகை' என்பதற்கு, பொதுச்சொல்லுக்குக் கீழடங்கும் சிறப்புச் சொற்கள் வேண்டும். சூழ்நிலையை அறிய உறவுப் பெயர்கள் இன்றியமையாதவை. ஒரே செயல் எந்த உறவினரோடு நிகழ்ந்தது என்பதைப் பொறுத்துப் பாவத்தின் வகையே மாறிவிடும். உறவுமுறைச் சொற்களைச் சமயப் பரப்புநர் அத்துணை நுணுக்கமாகத் திரட்டியதற்கு மானிடவியல் ஆர்வம் காரணம் அன்று. திருமணத் தடைகளும் பாவசங்கீர்த்தனமுமே காரணம்.

மொழி தெரியாத குரு என்ன செய்வது? மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், ஆயினும் அவ்வாறு செய்யுமாறு எவரையும் கட்டாயப்படுத்தல் ஆகாது என்பதே இறையியலாரின் பொதுவான கருத்தாக இருந்தது. பிரேசிலில் சேசு சபையினர் இம்முறையைக் கையாண்டபோது ஆயர் பேரோ பெர்னாந்திசு சர்தீஞ்ஞா 1552-இல் அதனைக் கடுமையாக எதிர்த்தார். மானுவல் த நோப்ரெகா அதற்கு ஆதரவாகப் போர்த்துக்கலில் இருந்த தம் மேலாளருக்கு எழுதினார். மூன்றாமவர் ஒருவர் இடையில் நின்றால் இரகசியம் என்னாவது என்பது ஒருபுறமிருக்க, கூறியது கூறியவாறே குருவின் செவியை எட்டுமா என்ற ஐயமும் அங்கே தொக்கி நின்றது. மொழிபெயர்ப்பின் நம்பகத்தன்மை பற்றிய வாதமாகவே இதனை இன்று நாம் படிக்கலாம்.

நெஞ்சை நேராக்குதல்

பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த அலோன்சோ தெ மோலினா சிறுவயதிலேயே மெக்சிகோவுக்கு வந்து, அங்குள்ள சிறுவரோடு பழகி நாவாத்தல் மொழியைக் கற்றவர். 1555-இலும் விரிந்த வடிவில் 1571-இலும் அவர் வெளியிட்ட அகராதியை மொழியியலார் நன்கறிவர். இவ்விரண்டு பதிப்புகளுக்கும் இடையில், 1565-இல், அவருடைய பாவசங்கீர்த்தனக் கையேடுகள் பெரியதும் சிறியதுமாக இரு வடிவில் வெளிவந்தன. ஒரு பத்தியில் ஸ்பானியமும் மறு பத்தியில் நாவாத்தலும் அமைந்தவை அவை.

பாவத்துக்கு மோலினாவும் அவர் சபையினரும் ஆண்ட சொல் 'த்லாத்லாகோல்லி' என்பது. கெடுத்தல், பழுதாக்குதல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்தது இப்பெயர். பழுதானது, சிதைந்தது என்பதே அதன் சொற்பொருள். லூயிஸ் பர்க்கார்ட் 1989-இல் வெளியிட்ட தம் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். குற்றமும் தவறும் மட்டுமன்றி அறியாமல் நேர்ந்த சேதமும் இச்சொல்லுள் அடங்கும். கத்தோலிக்க இறையியலிலோ சாவான பாவத்துக்கு அறிவும் மனச்சம்மதமும் வேண்டும். ஆகவே குரு 'உன் த்லாத்லாகோல்லிகளைச் சொல்' என்றபோது கேட்டவர் மனத்தில் எழுந்த பட்டியல் குரு எதிர்பார்த்த பட்டியலாக இருந்திருக்க வேண்டியதில்லை.

பாவசங்கீர்த்தனம் என்பதற்கு நாவாத்தலில் வழங்கிய சொற்களுள் ஒன்று 'நெயோல்மெலாவலிஸ்த்லி'. 'யோல்' என்பது நெஞ்சு. 'மெலாவா' என்பது நேராக்குதல். 'நெ' என்பது செயல் தன்னையே சார்வதைக் காட்டும் முன்னொட்டு. ஒருவர் தம் நெஞ்சைத் தாமே நேராக்கிக்கொள்ளுதல் என விரியும் இச்சொல் மிக அழகியது. ஆயினும் அழகு ஐயத்துக்குரியது. ஸ்பானியர் வருகைக்கு முன்னரே அந்நாட்டில் த்லாசோல்தேயோத்ல் என்னும் தெய்வத்தின் பெயரால் தம் தவறுகளைக் குறிசொல்வோரிடம் வாழ்நாளில் ஒருமுறை எடுத்துரைக்கும் வழக்கம் இருந்தது. அவ்வாறு உரைத்தவர் உலகியல் தண்டனையிலிருந்து விடுபட்டனர். பெர்னார்தினோ தெ சாகூன் இதனை விரிவாகப் பதிவு செய்து, கூடவே ஒரு நிகழ்வையும் குறித்துள்ளார்: கொலையோ பிறன்மனை விழைதலோ செய்தவர் சிலர் மடங்களுக்கு வந்து பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, அதற்குச் சான்றாக ஒரு சீட்டு எழுதித் தருமாறு கேட்டனராம். சீட்டைக் காட்டினால் அதிகாரிகள் தண்டிக்கமாட்டார்கள் என்பது அவர்கள் எண்ணம். நிகரன் என்று கருதி எடுத்த சொல், தன் பழைய நிறுவனத்தையும் உடன் அழைத்து வந்ததற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

எண்ணிக்கை பற்றிய விதி நாவாத்தலில் எளிதாக நிறைவேறியது. அம்மொழியில் 'பா' என்னும் ஒட்டு, எண்ணடியோடு சேர்ந்து 'செப்பா', 'ஒப்பா', 'எஷ்பா' என ஒருமுறை, இருமுறை, மும்முறை என்ற பொருளைத் தரும். 'கெஸ்கிபா' எனில் எத்தனை முறை. இருபதை அடியாகக் கொண்ட அம்மொழியின் எண்ணுமுறைக்கு மோலினா தம் அகராதியில் தனிப்பகுதி ஒதுக்கியது தற்செயல் அன்று.

ஏழாம் கட்டளையின்கீழ் மோலினா வணிகரை வினவும் பகுதி என்னை மிகவும் கவர்ந்தது. கக்காவோ விதை அங்கே நாணயமாகவும் வழங்கியது. நல்ல விதையோடு தீய விதையைக் கலந்து விற்றாயா, பச்சை விதையைச் சாம்பலால் மூடி ஏமாற்றினாயா என்றெல்லாம் வினாக்கள் தொடர்கின்றன. ஐரோப்பியக் கையேடு எதிலும் இவை இரா. சந்தையில் நின்று கேட்டறிந்த சொற்களே இங்குக் கையேட்டில் ஏறியுள்ளன.

ஆண்டீசு மலைநாட்டில்

பெருவில் இப்பணியைத் தனியொருவர் செய்யவில்லை. ஒரு சங்கமே செய்தது. 1582–83-இல் கூடிய மூன்றாம் இலீமா சங்கத்தின் ஆணைப்படி ஞானோபதேசம் 1584-இலும், பாவசங்கீர்த்தனக் கையேடு 1585-இலும் ஸ்பானியம், கெச்சுவா, ஐமாரா ஆகிய மும்மொழியில் வெளிவந்தன. தென் அமெரிக்காவில் முதலில் அச்சான நூல் அந்த ஞானோபதேசமே. அங்கீகரித்த மொழிபெயர்ப்பையன்றி வேறொன்றை ஆளலாகாது என்று சங்கம் கட்டளையிட்டது. கையேட்டில் ஊர்த் தலைவர்களுக்கும் மந்திரவாதிகளுக்கும் தனித்தனியே வினாத் தொகுதிகள் உண்டு.

பாவத்துக்கு இங்கே ஆளப்பட்ட சொல் 'ஊச்சா'. கொன்சாலெஸ் ஓல்கீன் 1608-இல் வெளியிட்ட அகராதி இதற்குப் பாவம் என்பதோடு, அலுவல், வழக்கு என்னும் பொருள்களையும் தருகின்றது. பாவசங்கீர்த்தனம் செய்தலுக்கோ ஸ்பானிய வினையடியையே எடுத்து, கெச்சுவாவின் தற்சார்பு ஒட்டைச் சேர்த்துக்கொண்டனர். வேர் ஸ்பானியம், உருபு கெச்சுவா. பாவம் உள்ளூரது, பரிகாரம் வெளியூரது என்று ஒருவர் வேடிக்கையாகக் கூறலாம்.

தமிழருக்கு எளிதில் விளங்கும் ஒரு செய்தி: நாம், நாங்கள் என்ற வேறுபாடு கெச்சுவாவிலும் உண்டு. கர்த்தர் கற்பித்த செபத்தின் தொடக்கச் சொல் அங்கே 'யாயாய்க்கு' என முன்னிலையை விலக்கிய பன்மையில் அமைந்துள்ளது. உளப்பாட்டுப் பன்மையை இட்டால் விளிக்கப்படும் கடவுளுக்கும் ஒரு தந்தை இருப்பதாகிவிடும். தமிழ்ச் செபங்களிலும் 'எங்கள்' என்று வருவதற்கு இதுவே காரணம்.

இதனினும் நுண்ணிய இடம் ஒன்று உண்டு. கெச்சுவா வினைமுற்றில், பேசுபவர் தாமே உணர்ந்து அறிந்த இறந்தகாலமும், உணராமல் நிகழ்ந்து பின்னர் அறிந்த இறந்தகாலமும் வெவ்வேறு விகுதி பெறும். உறக்கத்திலோ குடிமயக்கத்திலோ தாம் செய்ததைக் கூறுபவர் இரண்டாம் விகுதியையே இடுவார். குடித்திருந்தபோது செய்த தவற்றுக்கு மனச்சம்மதம் எந்த அளவுக்கு உண்டு என்பது இறையியலார் நெடிது வாதிட்ட வினா. ஆண்டீசு உழவர் ஒருவர் அதற்கான விடையின் ஒரு பகுதியைத் தம் விகுதியிலேயே வைத்துச் சொல்லிவிட இயலும். அவ்விகுதியைச் செவி தவறவிட்ட குருவுக்குச் சூழ்நிலையும் தவறிப்போகும்.

அந்நாட்டினர் கணக்கு வைக்க ஆண்ட முடிச்சுக் கயிறான கீப்புவும் இங்கு நினைவுகூரத்தக்கது. பாவங்களைக் கீப்புவில் முடிந்துகொண்டு வருமாறு 1585-ஆம் ஆண்டு மறையுரைத் தொகுதி அறிவுறுத்துகின்றது. பெண்ணொருத்தி தன் வாழ்நாள் முழுமைக்குமான பாவசங்கீர்த்தனத்தைக் கைநிறைந்த கயிறுகளில் எழுதிக் கொண்டுவந்ததைத் தாம் கண்டதாக ஹோசே தெ அக்கோஸ்தா 1590-இல் வெளியிட்ட நூலில் குறிப்பிடுகின்றார். எழுத்து என்று ஐரோப்பியர் ஏற்காத ஒன்று எழுத்தின் பணியைச் செய்தது.

கடன்சொல்லா, வழக்குச்சொல்லா?

உள்ளூர்ச் சொல்லை எடுத்தால் பழம்பொருள் ஒட்டிக்கொள்ளும்; அயற்சொல்லை எடுத்தால் பொருளே ஒட்டாது. இந்த இருதலைச் சிக்கலைத் தமிழ் வரலாறு நன்கு காட்டுகின்றது.

ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்னும் அண்டிரிக் அடிகளார் 1546-இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றினார். சவேரியார் மொழிபெயர்ப்பாளரைச் சார்ந்தே இயங்கிய அதே கடற்கரையில் இவர் தமிழைக் கற்று, இலக்கணமும் எழுதினார். போர்த்துக்கேய மொழியில் எழுதிய அவ்விலக்கணம் எழுத்துத் தமிழை விடுத்துப் பேச்சு வடிவங்களையே பெரிதும் பதிவு செய்கின்றது. அதன் ஆங்கிலப் பெயர்ப்பை ஜீன் ஹெய்னும் வி. எஸ். ராஜமும் 2013-இல் வெளியிட்டனர். கொல்லத்தில் 1578-இல் தம்பிரான் வணக்கம், கொச்சியில் 1579-இல் கிரீசித்தியானி வணக்கம், 1580-இல் பாவசங்கீர்த்தனக் கையேடு, புன்னைக்காயலில் 1586-இல் அடியார் வரலாறு என அவர் நூல்கள் அடுத்தடுத்து வந்தன. நெடுங்காலம் மறைந்துபோனதாகக் கருதப்பட்ட 1580-ஆம் ஆண்டு நூலின் படி ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் இருப்பதைக் கிரகாம் ஷா 1982-இல் அறிஞருலகுக்கு அறிவித்தார்.

அந்நூலின் பெயரே போர்த்துக்கேயச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. அது தமிழெழுத்தில் அச்சானது என்பதை மறத்தலாகாது. தமிழெழுத்தைச் சரளமாகப் படிக்கவல்ல ஐரோப்பியக் குருக்கள் அக்காலத்தில் மிகச் சிலரே. எனவே அந்நூல் குருவை மட்டுமன்றி, படிக்கத் தெரிந்த பரதவரையும், அவர் படிக்கக் கேட்கும் ஏனையோரையும் கருதியே ஆக்கப்பட்டிருத்தல் வேண்டும். மோலினாவின் இருபத்தி நூலிலிருந்து இது வேறுபடும் இடம் இதுவே.

திருப்பலியைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் தமிழ்ச் செவிக்கு 'மீசை' என்று ஒலித்ததைத் தத்துவ போதகர் எள்ளினார் என்பர். அவர் காலந்தொட்டு வடமொழிச் சொற்கள் மேலோங்கின. பூசை, ஞானஸ்நானம், உத்தம மனஸ்தாபம் முதலியவற்றோடு பாவசங்கீர்த்தனமும் நிலைபெற்றது. 'நாமசங்கீர்த்தனம்' என்பதை அறிந்த நமக்குச் சங்கீர்த்தனம் எனில் பலர் கூடி உரக்கப் பாடுதலே தோன்றும். காதோடு காதாகக் கூற வேண்டியதற்கு இப்பெயரா என்ற வியப்பு எழும். ஆயின் 'சம்' என்னும் முன்னொட்டு முழுமையையும், 'கீர்த்தனம்' எடுத்துரைத்தலையும் குறிக்கும் எனக் கொண்டால், ஒன்றும் விடாது எடுத்துரைக்க வேண்டும் என்ற திரெந்து விதியை இச்சொல் மிகச் செறிவாகத் தாங்கி நிற்பது புலனாகும். சீர்திருத்தத் திருச்சபையினர் 'பாவ அறிக்கை' என்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கத்தோலிக்க வழக்கில் வந்துள்ள 'ஒப்புரவு அருளடையாளம்' என்பது எடுத்துரைக்கும் செயலை விட்டு, அதன் பயனைப் பெயராக்குகின்றது. குறளில் ஓர் அதிகாரத் தலைப்பாக உள்ள ஒப்புரவு அங்கே பிறர்க்கு உதவும் ஒழுக்கத்தைக் குறிக்கும். பகைதீர்தல் என்னும் பொருளைக் கிறித்தவத் தமிழே அதற்கு ஊட்டியது.

கடன்சொல் வறியது என்று எளிதில் தள்ளிவிடவும் இயலாது. ஜப்பானில் உத்தம மனஸ்தாபம் 'கொஞ்சிரிசான்' எனப் போர்த்துக்கேய ஒலியிலேயே வழங்கியது. குருவின்றியே உத்தம மனஸ்தாபப்படும் முறையை விளக்கும் சிறுநூல் ஒன்று 1603-இல் அங்கே தோன்றியது. 1614-இல் குருக்கள் நாடுகடத்தப்பட்டபின் மறைந்து வாழ்ந்த கிறித்தவர் அந்நூலைப் படியெடுத்தும் மனனம் செய்தும் காத்தனர். 1865-இல் நாகசாகியில் அவர்கள் மீண்டும் வெளிப்பட்டபோது அச்சொல் அவர்களிடம் உயிரோடிருந்தது. பௌத்தச் சொல் ஒன்று அவ்விடத்தில் இருந்திருப்பின், இடைப்பட்ட இரண்டரை நூற்றாண்டில் அது பௌத்தத்துக்கே திரும்பியிருக்கக்கூடும்.

வினா சான்றாகுமா?

இனி, இக்கையேடுகளை மொழிச் சான்றாகக் கொள்வதில் உள்ள இடர்ப்பாட்டுக்கு வருவோம். தீமுக்குவா இன்று வழக்கில் இல்லாத மொழி. பிரான்சிஸ்கோ பரேகா 1612 முதல் 1614 வரை மெக்சிகோவில் அச்சிட்ட ஞானோபதேசமும் பாவசங்கீர்த்தனக் கையேடும் இலக்கணமும் அதனை அறிவதற்குரிய முதன்மைச் சான்றுகள். ஒரு மொழியின் தொடரியலைப் பெருமளவும் 'இதைச் செய்தாயா' என்னும் வினாக்களிலிருந்து மீட்டெடுக்க வேண்டிய நிலை இது. முன்னிலை ஒருமையும் இறந்தகாலமும் மிகுந்து கிடைக்கும். ஒருவர் தாமாகத் தொடங்கிப் பேசும் பேச்சு கிடைக்காது.

பண்பாட்டுச் சான்று என்ற வகையில் இடர் இன்னும் பெரிது. 1613-ஆம் ஆண்டுக் கையேட்டில் பறவை ஒலி, வேட்டை, மீன்பிடித்தல், மகப்பேறு பற்றிய நம்பிக்கைகள் நூற்றுக்கணக்கான வினாக்களில் பதிவாகியுள்ளன. இனவரைவியலார் அவற்றைப் புதையலாகக் கருதினர். ஆனால் வினா என்பது விடை அன்று. பாவத்தை அறியாதவருக்கு வினாவினாலேயே அதைக் கற்பித்துவிடக் கூடாது என்று கையேட்டு ஆசிரியர்களே குருக்களை எச்சரித்தனர் என்றால், கேட்கப்பட்டவை யாவும் நிகழ்ந்தவை அல்ல என்பதை அவர்களே அறிந்திருந்தனர் என்றாகும். கக்காவோ வினா போன்ற உள்ளூர் நுணுக்கம் உடையவற்றையும், ஐரோப்பியக் கையேட்டிலிருந்து அப்படியே பெயர்த்தவற்றையும் பிரித்தறிந்த பின்னரே எதனையும் சான்றாக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளருக்கு வேறொரு படிப்பினையும் இந்நூலில் உண்டு. இதன் ஸ்பானியப் பத்தியை மட்டும் பெயர்த்த பதிப்பு 1972-இல் வெளிவந்தது. ஆரன் பிராட்வெல், அலெஹாந்திரா துப்கோவ்ஸ்கி ஆகியோர் அண்மையில் தீமுக்குவாப் பத்தியைத் தனியே படித்து, இரண்டும் எல்லா இடங்களிலும் ஒன்றையே கூறவில்லை என்று காட்டியுள்ளனர். ஸ்பானியம் பழித்துரைக்கும் இடங்கள் சிலவற்றில் தீமுக்குவா அவ்வாறு பழிக்கவில்லை. நூலின் அட்டையில் பெயர் இல்லாத தீமுக்குவா எழுத்தர் ஒருவரோ பலரோ அப்பத்தியை ஆக்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் துணிபு.

விடைகளையும் தரும் கையேடு அரிது. தொமினிக்கன் சபையின் தியேகோ கொல்லாதோ 1632-இல் உரோமையில் வெளியிட்ட நூல் அத்தகையது. உரோமன் எழுத்தில் ஜப்பானியமும் எதிரே இலத்தீனும் அமைந்த அந்நூலில் பாவசங்கீர்த்தனம் செய்பவர் நெடிது பேசுகின்றார், தயங்குகின்றார், தம் செயலுக்குக் காரணம் கூறுகின்றார். பதினேழாம் நூற்றாண்டுப் பேச்சு ஜப்பானியத்தை ஆராய்வோர் இதனைப் போற்றுவதன் காரணம் வெளிப்படை.

1580-ஆம் ஆண்டுத் தமிழ் நூலை இன்று பதிப்பிக்க முற்படுவோர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் எழுத்தே. அக்கால அச்சில் மெய்க்குப் புள்ளி இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. 'பேசினாயோ' என்பதும் 'பெசினாயொ' என்பது போன்றே தோற்றம் தரும். புள்ளியும் நெடிலும் இட்டுப் படிப்பவர் ஒவ்வோர் இடத்திலும் ஒலி பற்றிய தம் முடிவைச் செலுத்துகின்றார். கடன்சொற்களில் இம்முடிவு இன்னும் கடினமானது. பரதவர் நாவில் அவை போர்த்துக்கேய ஒலியோடு வழங்கினவா, தமிழொலிக்கு இசைந்துவிட்டனவா என்பதை அந்தப் புள்ளிகளே தீர்மானித்துவிடும். ஆதலின் மூல எழுத்துருவை ஒரு பத்தியிலும் திருந்திய வடிவை மறு பத்தியிலும் தருவதே தக்க முறை. 'செய்தாயோ' என்பதும் 'செய்ததுண்டோ' என்பதும் மூலத்தில் எங்கெங்கே வருகின்றன என்பதைத் தனியே அடைவுபடுத்துதலும் வேண்டும். முன்னது ஒரு நிகழ்வைப் பற்றியது. பின்னது வாழ்நாளில் என்றேனும் நிகழ்ந்ததைப் பற்றியது. பிறமொழியில் பெயர்ப்போர் இரண்டையும் ஒரே வாய்பாட்டால் பெயர்த்துவிடும் வாய்ப்பு மிகுதி.